பின்னணி இசையின் கதை – 6: குரங்குக்கு ஓர் ஆர்கெஸ்ட்ரா

1932 கழிந்து 1933 பிறந்த குளிர்காலத்தில் ஹாலிவுட்டின் ஆர்.கே.ஓ. கம்பெனி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. அமெரிக்கா முழுவதும் வங்கிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்த நேரம். ஜனவரியில் கம்பெனியே நீதிமன்றம் நியமித்த ரிசீவரின் கைக்குப் போய்விட்டது. ஆறரை லட்சம் டாலருக்கு மேல் விழுங்கிவிட்ட ஒரு படம் அப்போது முடியும் தறுவாயில் இருந்தது. கதாநாயகன் ஒரு ராட்சதக் குரங்கு. திரையில் மலைபோலத் தெரிய வேண்டிய அந்தக் குரங்கு உண்மையில் 18 அங்குல உயரப் பொம்மை; உலோக எலும்புக்கூட்டின் மேல் ரப்பரையும் முயல் தோலையும் போர்த்திச் செய்தது. வில்லிஸ் ஓபிரையன் என்ற தந்திரக்காட்சி நிபுணர் அதன் கைகால்களைப் பிரேமுக்குப் பிரேம் இம்மி இம்மியாக நகர்த்திப் படமெடுத்திருந்தார். போட்டுப் பார்த்த நிர்வாகிகளுக்கு ஒரே பயம்: ஜனங்கள் சிரித்துவிட்டால்?

இனிமேல் காசு இறைக்க வேண்டாம், பழைய படங்களுக்கு எடுத்துவைத்த இசைத் துண்டுகளில் கிடைத்ததை ஒட்டி அனுப்பிவிடுங்கள் என்று இசைப் பிரிவின் தலைவருக்கு உத்தரவு வந்தது. அந்தத் தலைவர் மாக்ஸ் ஸ்டைனர். வயது 44, ஊர் வியன்னா. படத்தை எடுத்தவர்களில் ஒருவரான மெரியன் கூப்பருக்கு இந்த உத்தரவு பிடிக்கவில்லை. முன்னாள் போர் விமானி, முரட்டு ஆசாமி. நீர் எழுதும் ஐயா, பணத்துக்கு நான் பொறுப்பு என்று ஸ்டைனரிடம் சொல்லிவிட்டார். இசைக்கு மட்டும் 50,000 டாலர் ஆனது என்று ஸ்டைனர் பின்னாளில் எழுதினார். திவாலான கம்பெனியில், ஒரு பொம்மைக்காக!

அந்தப் படம்தான் ‘கிங் காங்’. இன்று நாம் பின்னணி இசை என்று எதைச் சொல்கிறோமோ, அந்தத் தொழில் முழு உருவத்தில் முதன்முதலாகத் தெரிந்தது இதில்தான் என்பது என் கட்சி. கட்சி என்று சொல்லக் காரணம், இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. அவர்கள் தரப்புக்கும் வருவோம்.

சென்ற இதழில் 1927-ல் படம் பேச ஆரம்பித்ததும் கொட்டகை வாத்தியக்காரர்கள் வேலையிழந்ததைப் பார்த்தோம். அதன் இன்னொரு பக்கத்தை அங்கே சொல்லாமல் விட்டேன். ஊமைப்படக் காலத்தில் படம் ஓடும் நேரம் முழுவதும் இசை இருந்தது. சின்ன ஊர் என்றால் ஒரு பியானோ, பெரிய நகரம் என்றால் ஐம்பது அறுபது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா. ஒலி வந்த பிறகுதான் படம் மௌனமானது. 1931-ல் வந்த ‘டிராகுலா’வை இன்று போட்டுப் பாருங்கள். டைட்டிலுக்கு சைக்கோவ்ஸ்கியின் ‘ஸ்வான் லேக்’கிலிருந்து ஒரு துண்டு, நடுவில் ஒரு கச்சேரி அரங்கக் காட்சியில் கொஞ்சம் இசை, மற்றபடி பேச்சு, கதவு கிரீச்சிடும் சத்தம், ஓநாயின் ஊளை, அவ்வளவுதான். இரத்தம் குடிக்கும் பிரபு மாடிப்படியில் இறங்கி வருகிறார், பின்னால் ஒரு நரம்புக் கருவிகூட நடுங்கவில்லை. இன்றைய பார்வையாளருக்கு அந்த அமைதி வினோதமாக இருக்கும்.

இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, தொழில்நுட்பம். தனித்தனியாகப் பதிவு செய்த பேச்சையும் இசையையும் தரம் கெடாமல் ஒன்றாகக் கலக்கும் வசதி அப்போது சரியாக வரவில்லை. கோடம்பாக்கத்தில் இன்றும் ரீ-ரெக்கார்டிங் என்று அழைக்கப்படும் வேலைக்கு அன்று இடமே இல்லை. காட்சிக்கு இசை வேண்டுமென்றால் படப்பிடிப்புத் தளத்திலேயே, கேமரா கண்ணில் படாத மூலையில், வாத்தியக்காரர்களை உட்காரவைத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். நடிகை ஒரு சொல் தடுமாறினால் அத்தனை பேரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். பிறகு எடிட்டர் காட்சியை வெட்டினால் இசையும் நடுவில் வெட்டுப்படும். இந்தத் தொல்லைக்கு இசையே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது காரணம்தான் வேடிக்கை. இசை எங்கிருந்து வருகிறது என்று ரசிகர் கேட்பாரே என்று தயாரிப்பாளர்கள் கவலைப்பட்டார்கள். அதே ரசிகர், முப்பது ஆண்டுகள் எந்தக் கேள்வியும் கேட்காமல் ஊமைப்படங்களை இசையோடு பார்த்தவர்தான். ஆனால் பேச்சு வந்ததும் திரையில் உள்ளது நிஜம் என்ற எண்ணம் வந்துவிட்டது. நிஜத்தில் காதலர்கள் காட்டில் நடக்கும்போது யாரும் வயலின் வாசிப்பதில்லை. ஆகவே காதல் காட்சிக்கு இசை வேண்டும் என்று ஆசைப்பட்ட இயக்குநர்கள் ஒரு வானொலிப் பெட்டியைக் காட்டினார்கள். இல்லாவிட்டால் சம்பந்தமே இல்லாமல் ஒரு வயலின்காரரை அந்தப் பக்கமாக நடக்கவிட்டார்கள். அந்தக் கூத்தை ஸ்டைனரே பின்னாளில் கிண்டலாக எழுதியிருக்கிறார்.

இந்த முடிச்சை அவிழ்க்க வியன்னாவிலிருந்து ஆள் வந்தது தற்செயல் அல்ல. 1888-ல் பிறந்த ஸ்டைனரின் குடும்பம் மூன்று தலைமுறையாக நாடகக் கொட்டகைக் குடும்பம். அவர் பெயரையே கொண்ட தாத்தா மாக்ஸிமிலியன், புகழ்பெற்ற ‘தியேட்டர் ஆன் டெர் வீன்’ அரங்கை நடத்தியவர். நடன இசையோடு நின்றிருந்த இளைய யோஹான் ஸ்ட்ராஸை மேடைக்கு எழுத இழுத்து வந்தவர்களில் ஒருவர். அப்பா காபோர், பிராட்டர் பூங்காவில் ‘வியன்னாவில் வெனிஸ்’ என்ற கேளிக்கை நகரத்தையே உருவாக்கியவர். 1897-ல் அங்கே எழுப்பிய ராட்சத ராட்டினம் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஞானத்தந்தை ரிச்சர்ட் ஸ்ட்ராஸ். இப்படி ஒரு வீட்டில் பிறந்த பையனுக்கு ஆப்பரெட்டா என்பது மூச்சுவிடுவது போல. வசனத்துக்கு அடியில் ஆர்கெஸ்ட்ராவை எப்படித் தணிப்பது, கதவு திறக்கும் கணத்தில் எப்படி எழுப்புவது, நடிகர் வசனத்தை மறந்தால் நாலு தாள அளவுகளை எப்படி இழுத்துச் சமாளிப்பது என்பதெல்லாம் அரங்கின் குழியில் உட்கார்ந்து கற்க வேண்டியவை. எந்த இசைக் கல்லூரியிலும் இவற்றுக்குப் பாடம் கிடையாது.

இளம் வயதிலேயே லண்டனுக்குப் போய் நாடகங்களுக்கு இசை நடத்தினார். 1914-ல் போர் வெடித்ததும் ஆஸ்திரியக் குடிமகன் என்பதால் எதிரி நாட்டார் ஆகிவிட்டார். வெஸ்ட்மின்ஸ்டர் பிரபுவின் தயவில் வெளியேறும் காகிதங்கள் கிடைத்து, நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியபோது கையில் 32 டாலர். அடுத்த பதினைந்து ஆண்டுகள் பிராட்வேயில். அடுத்தவர் எழுதிய மெட்டுகளை ஆர்கெஸ்ட்ராவுக்குப் பிரித்து எழுதுவதும் நடத்துவதும்தான் வேலை. 1929-ன் கடைசியில் ஆர்.கே.ஓ. அவரைக் கலிபோர்னியாவுக்கு அழைத்தது. இரண்டு மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் டைட்டிலுக்கும் முடிவுக்கும் இசை போடுவதோடு சரி.

1931-ன் கடைசியில் டேவிட் செல்ஸ்னிக் என்ற இளம் தயாரிப்பாளர் வந்தார். 1932-ல் வந்த ‘சிம்பொனி ஆஃப் சிக்ஸ் மில்லியன்’ என்ற படம், நியூயார்க்கின் யூதச் சேரியில் வளர்ந்து மருத்துவராகும் ஒருவனின் கதை. அதில் ஒரே ஒரு ரீலுக்கு மட்டும், வசனத்தின் அடியிலேயே, இசை போட்டுப் பார்க்கலாமா என்று செல்ஸ்னிக் கேட்டார். போட்டார்கள். யாரும் எழுந்து இசை எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. படத்தின் மற்ற இடங்களுக்கும் போடச் சொல்லிவிட்டார். அதே ஆண்டில் ‘பேர்ட் ஆஃப் பாரடைஸ்’ படத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை ஏறக்குறைய முழுக்க இசை. ஒலிக் கலவை வசதியும் இதற்குள் முன்னேறியிருந்தது. மேடை தயார். குரங்கு வர வேண்டியதுதான் பாக்கி.

‘கிங் காங்’கில் ஸ்டைனர் செய்த முதல் கெட்டிக்காரத்தனம், இசை போடாமல் இருந்தது. டைட்டில் இசை முடிந்ததும் படம் நியூயார்க்கில் தொடங்குகிறது. துறைமுகம், வேலையில்லாத் திண்டாட்டம், ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் பெண்கள், கப்பல் பயணம். ஏறத்தாழ இருபது நிமிடங்கள் ஒரு சுரம்கூட இல்லை. அந்தக் காலத்துப் பேசும் படங்கள் எல்லாம் எப்படியோ அப்படி. கப்பல் மண்டை ஓட்டுத் தீவை நெருங்குகிறது. பனிமூட்டம். அப்போது ஹார்ப்பும் தாழ்ந்த நரம்புக் கருவிகளும் மெல்லத் தொடங்குகின்றன. தொலைவில் முரசு. முரசு கேட்கிறது, இல்லை அலை மோதும் ஓசை என்று கப்பலில் உள்ளவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அந்த முரசு தீவில் அடிக்கப்படுகிறதா, ஆர்கெஸ்ட்ராவில் அடிக்கப்படுகிறதா? இரண்டிலும்தான். கதைக்குள்ளே இருக்கும் ஒலியும் கதைக்கு வெளியே இருக்கும் இசையும் பனிக்குள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இசை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அங்கேயே கரைந்து போகிறது. நிஜ உலகத்துக்கு இசை இல்லை, கனவுலகத்துக்குள் நுழைந்தால் இசை உண்டு என்ற ஒரு கோட்டை அவர் அந்தப் பனியில் கிழித்துவிட்டார்.

அடுத்தது காங்குக்கான கரு. மூன்றே சுரங்கள், அரைச் சுரம் அரைச் சுரமாகக் கீழே இறங்குபவை. குழந்தைகூடப் பியானோவில் தட்டிவிடலாம். பாத்திரத்துக்கு ஒரு கரு என்பது வாக்னரின் ஆப்பராக்களிலிருந்து வந்த பழைய வழக்கம். ஸ்டைனர் கண்டுபிடித்தது அல்ல. ஆனால் அதை அவர் குரங்குக்குக் கொடுத்துவிட்டு, பிறகு செய்ததைக் கவனியுங்கள். காட்டில் மரங்களைப் பிய்த்துக்கொண்டு வரும்போது பித்தளைக் கருவிகளில் அலறுகிற அந்த மூன்று சுரங்களே, எம்பயர் ஸ்டேட் கட்டட உச்சியில் அது சாகும்போது நரம்புக் கருவிகளுக்கு மாறி, கதாநாயகிக்கான மெட்டோடு சேர்ந்துகொண்டு கெஞ்சுகின்றன. பொம்மையின் முகத்தில் ஓபிரையன் எவ்வளவுதான் முயன்றாலும் கொண்டுவர முடியாத துக்கம் அந்த இடத்தில் இசையால் வந்தது. ஜனங்கள் சிரிக்கவில்லை. 1933 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலிலும் எதிரே இருந்த ராக்ஸியிலும் ஒரே நேரத்தில் திரையிட்டார்கள். அந்த வருமானம் திவாலான கம்பெனிக்கு மூச்சு கொடுத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காங்கும் ராட்சதப் பல்லியும் மோதும் பெரிய சண்டைக்கு இசை கிடையாது. உச்சிக் கோபுரத்தில் விமானங்கள் சுற்றிச் சுற்றிச் சுடும் பகுதிக்கும் கிடையாது. எஞ்சின் இரைச்சலும் இயந்திரத் துப்பாக்கியும் மட்டும். குண்டுகள் தைத்து அது தளரும்போதுதான் இசை திரும்புகிறது. சத்தம் போடுகிற காட்சியில் ஒலிப்பிரிவுக்கு இடம்விட்டு ஒதுங்கும் அடக்கம் அன்றைக்கே ஸ்டைனருக்கு இருந்தது. ஒலிப்பிரிவில் இருந்தவரும் சாமானியர் அல்லர். சிங்கம், புலி உறுமல்களைப் பதிவுசெய்து, பின்னோக்கியும் மெதுவாகவும் ஓடவிட்டுக் காங்கின் குரலை உண்டாக்கியவர் மரே ஸ்பிவாக். இன்று நூற்றுக்கணக்கான ஒலித்தடங்களை ஒரே நேரத்தில் முட்டவிட்டு, சண்டைக் காட்சியில் இசையும் கேட்காமல் அடியும் கேட்காமல் செய்கிறவர்கள் இந்த இரண்டு காட்சிகளையும் ஒருமுறை பார்க்கலாம்.

இசை எழுதுவது இருக்கட்டும், அதைப் படத்தோடு எப்படிப் பொருத்தினார்கள்? இங்கேதான் கலை கணக்காகிறது. 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம்கள். வினாடிக்கு 24 பிரேம்கள் ஓடுவதால் நிமிடத்துக்கு 90 அடி. படம் முடிந்து வந்ததும் இசைப் பிரிவின் எடிட்டர் ஒவ்வொரு காட்சியையும் அளந்து பட்டியல் போடுவார்: இத்தனையாவது வினாடியில் கதவு திறக்கிறது, இத்தனையாவது வினாடியில் அவள் திரும்புகிறாள், இங்கே வசனம் தொடங்குகிறது, இங்கே முடிகிறது. ஸ்டைனர் திரைக்கதையைப் படிக்க மாட்டார். எடுத்து முடித்த படத்தை ஒன்றிரண்டு முறை பார்ப்பார், பிறகு இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பியானோ முன் உட்கார்ந்துவிடுவார்.

வாத்தியக்காரர்களைத் துல்லியமாக ஓட்ட ஒரு தந்திரம் இருந்தது. பிலிமின் ஒலித்தட ஓரத்தில் குறிப்பிட்ட இடைவெளிகளில் ஓட்டை போட்டால், ஓட்டை வரும்போதெல்லாம் ஒரு ‘டிக்’ கேட்கும். இசை நடத்துநர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு நடத்துவார். கிளிக் டிராக் என்று பெயர். கார்ட்டூன் படக்காரர்கள் முன்பே கையாண்டது. மனிதர்கள் நடிக்கும் படங்களில் அதை வழக்கமாக்கியவர்களில் முதன்மையானவர் ஸ்டைனர். உதாரணத்துக்கு 12 பிரேமுக்கு ஒரு ஓட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை வினாடிக்கு ஒரு தட்டு, நிமிடத்துக்கு 120. காட்சி 30 வினாடி என்றால் 45 அடி பிலிம், 720 பிரேம், 60 தட்டு. நாலு தட்டு ஓர் அளவு என்ற கணக்கில் 15 அளவுகள். அதில் 11-வது வினாடியில் கதாநாயகன் கன்னத்தில் அறை வாங்குகிறான் என்றால், அந்த அறை ஆறாவது அளவின் மூன்றாவது தட்டில் விழும். இசையமைப்பாளர் தன் மெட்டை அந்த இடத்தில் உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். அதே சமயம் அறைக்காகத்தான் மெட்டு வளைந்தது என்று கேட்பவருக்குத் தோன்றவும் கூடாது. இந்த இரண்டாவது பாதிதான் கஷ்டம். கணினி வந்து கணக்கை எளிதாக்கிவிட்டது. கஷ்டம் அப்படியேதான் இருக்கிறது.

அந்தக் கஷ்டத்தில் ஸ்டைனரும் பலமுறை சறுக்கினார். எதிர்க்கட்சியின் வாதம் இதுதான். நடிகர் படி இறங்கினால் இசையும் இறங்கும், நொண்டினால் இசையும் நொண்டும். மிக்கி எலி கார்ட்டூன்களில் இப்படித்தான் நடக்கும் என்பதால் இதற்கு ‘மிக்கி மவுசிங்’ என்றே பெயர் வைத்தார்கள். ‘கிங் காங்’கில் தீவுத் தலைவன் வெள்ளையர்களை நோக்கி ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்து வரும்போது ஒவ்வோர் அடிக்கும் ஆர்கெஸ்ட்ரா ஓர் அடி வைக்கிறது. எனக்கு அது பிடிக்கும். கூத்தில் கட்டியங்காரன் வரவுக்கு மத்தளம் பதில் சொல்வது நம் காதுக்குப் பழக்கம்தானே. ஆனால் 1935-ல் ஜான் ஃபோர்டின் ‘தி இன்ஃபார்மர்’ படத்தில் சொட்டுகிற தண்ணீருக்குக்கூடச் சொட்டுக்குச் சொட்டு சுரம் கொடுத்திருக்கிறார். நண்பனைப் பணத்துக்காகக் காட்டிக்கொடுத்தவனின் மனம் புழுங்கும் கதை அது. அத்தனை துல்லியம் அங்கே கதாபாத்திரத்தை விட்டுத் தண்ணீரைப் பார்க்கவைத்துவிடுகிறது. அந்த இசைக்குத்தான் ஆஸ்கார் கொடுத்தார்கள்.

நடிகை பெட்டி டேவிஸ் பற்றி ஒரு கதை உலவுகிறது. ‘டார்க் விக்டரி’ படத்தின் முடிவில் சாகப்போகும் பெண்ணாக அவர் மாடிப்படி ஏற வேண்டும். படப்பிடிப்பில் திரும்பி நின்று, இந்தப் படியில் ஏறப்போவது நானா, மாக்ஸ் ஸ்டைனரா என்று கேட்டாராம். படத்தில் இருவரும்தான் ஏறுகிறார்கள்.

1936-ல் ஸ்டைனர் வார்னர் பிரதர்ஸுக்கு மாறினார். அங்கே அவருக்கு முன்பே இன்னொரு வியன்னாக்காரர் வந்திருந்தார். எரிக் வுல்ஃப்காங் கோர்ன்கோல்ட். 1897-ல் புர்னோவில் பிறந்தவர். அப்பா வியன்னாவின் மிகச் செல்வாக்குள்ள இசை விமர்சகர். பத்து வயதுப் பையன் வாசித்ததைக் கேட்டு இசையமைப்பாளர் மாலர், மேதை என்றார். 23 வயதில் எழுதிய ‘இறந்த நகரம்’ என்ற ஆப்பரா 1920 டிசம்பரில் ஒரே நாளில் ஹாம்பர்க்கிலும் கொலோனிலும் அரங்கேறியது. ஸ்டைனர் கொட்டகைத் தொழிலாளி என்றால் இவர் கச்சேரி மேடையின் இளவரசர். நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட் ஒரு ஷேக்ஸ்பியர் படத்துக்காக 1934-ல் ஹாலிவுட்டுக்கு அழைத்து வந்தார். அடுத்த ஆண்டு ‘கேப்டன் பிளட்’ படத்துக்கு மூன்றே வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இசை எழுதும்படி ஆயிற்று. நேரம் போதாமல் சண்டைக் காட்சிக்கு லிஸ்ட்டின் இசையிலிருந்து ஒரு பகுதியை எடுத்தாண்டார். அதற்காக டைட்டிலில் இசையமைப்பு என்று போடக் கூடாது, இசைத் தொகுப்பு என்றுதான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இப்படிப்பட்ட மனிதர் சினிமாவில் எத்தனை நாள் தாங்குவார் என்று நினைத்திருப்பார்கள். தாங்கினார்.

அவர் வேலை செய்த விதமே வேறு. ஸ்டாப் வாட்ச் கிடையாது, ஓட்டை போட்ட பிலிம் கிடையாது. திரையிடும் அறையில் ஒரு பியானோவைப் போடச்சொல்லி, ஆபரேட்டரிடம் ரீலைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்லி, படத்தைப் பார்த்தபடியே கற்பனை செய்து வாசிப்பார். நேரம் அவர் உடம்பிலேயே இருந்தது. ஆண்டுக்கு இரண்டு படம்தான், எழுதிய இசையைத் தன் கச்சேரிப் படைப்புகளில் மறுபடி பயன்படுத்திக்கொள்ளும் உரிமை தனக்கே என்றெல்லாம் ஒப்பந்தம் வாங்கியிருந்தார். மற்ற இசையமைப்பாளர்களுக்கு அது கனவு. அவர்கள் எழுதுவது அத்தனையும் கம்பெனிச் சொத்து; சம்பளம் வாங்கினால் சரி. பரிசுகூடக் கம்பெனிக்குத்தான். ‘ஆன்டனி அட்வெர்ஸ்’ படத்துக்குக் கோர்ன்கோல்ட் எழுதிய இசை 1936-க்கான ஆஸ்காரை வென்றபோது, அன்றைய விதிப்படி சிலையை வாங்கிக்கொண்டவர் இசைப் பிரிவின் தலைவர் லியோ ஃபோர்ப்ஸ்டைன்.

1938 தொடக்கத்தில் கோர்ன்கோல்ட் வியன்னாவில் இருந்தார். தன் புதிய ஆப்பராவை அரங்கேற்றும் ஏற்பாட்டில். ‘ராபின் ஹூட்’ படத்துக்கு உடனே வா என்று வார்னரிடமிருந்து தந்தி. கப்பலேறி வந்து படத்தைப் பார்த்தார். பத்தில் ஒன்பது பங்கு சண்டையும் ஓட்டமுமாக இருந்தது. நான் உள்ளத்துக்கு இசை எழுதுகிறவன், இது என்னால் ஆகாது என்று மறுத்துக் கடிதம் எழுதினார். மறுநாள், பிப்ரவரி 12-ல், ஆஸ்திரியப் பிரதமர் ஷுஷ்னிக்கை ஹிட்லர் பெர்க்டெஸ்காடனுக்கு வரவழைத்து மிரட்டினார். என்ன நடக்கப்போகிறது என்பது யூதரான கோர்ன்கோல்டுக்குப் புரிந்துவிட்டது. வாரச் சம்பளத்துக்கு, பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். ஒரு மாதத்தில் ஜெர்மானியப் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. அவருடைய பெற்றோரும் மூத்த மகனும் கடைசி நேரத்தில் ரயிலேறித் தப்பினார்கள். வீட்டை நாஜிகள் பறித்துக்கொண்டார்கள். கையெழுத்துப் பிரதிகளை அவருடைய பதிப்பாளரின் ஆட்கள் மீட்டு, வேறு இசையமைப்பாளர்களின் அச்சுப் புத்தகங்களுக்கு நடுவே ஒளித்து அனுப்பினார்கள். ராபின் ஹூட் தன் உயிரைக் காப்பாற்றியதாக அவர் எப்போதும் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குக் கிடைத்த ஆஸ்கார் அவர் கைக்கே வந்தது. விதியை அந்த ஆண்டுதான் மாற்றியிருந்தார்கள்.

அந்த அலையில் வந்தவர் அவர் மட்டும் அல்ல. ‘நீல தேவதை’ படத்தின் இசையை ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதி நடத்திய ஃபிரான்ஸ் வாக்ஸ்மனை 1934-ல் பெர்லின் தெருவில் நாஜிக் குண்டர்கள் அடித்துப் போட்டார்கள். பாரிஸ் வழியாக ஓடிவந்து அடுத்த ஆண்டே ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்துக்கு இசையமைத்தார். அதே ஓட்டத்தில் வால்டர் காஃப்மன் என்ற இளைஞர் மட்டும் மேற்கே போகாமல் கிழக்கே வந்தார். பம்பாயில் இறங்கி, அங்கே பவ்னானி என்ற இயக்குநரின் படங்களுக்கும் வேலை செய்தார். அகில இந்திய வானொலியின் அதிகாலை அடையாள இசை அவர் இயற்றியது என்று கொள்ளப்படுகிறது. இரண்டு மூன்று தலைமுறைத் தமிழர்கள் அந்த இசையைக் கேட்டுத்தான் அடுப்பு மூட்டினார்கள். அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

ஒரே கம்பெனியில் ஸ்டைனரும் கோர்ன்கோல்டும் பத்தாண்டுகள். இருவரையும் பற்றி ஹாலிவுட்டில் சொல்லப்படும் கதை இது. நாம் இருவரும் இங்கே வந்ததிலிருந்து என் இசை மேலே போகிறது, உன் இசை கீழே போகிறதே, ஏன் என்று ஸ்டைனர் சீண்டினாராம். நீ என்னிடமிருந்து திருடுகிறாய், நான் உன்னிடமிருந்து திருடுகிறேன், அதுதான் என்றாராம் கோர்ன்கோல்ட்.

இசை வரலாற்று ஆசிரியர்கள் பெரும்பாலும் இந்தக் கதையைச் சொல்லி, சிரித்து, கோர்ன்கோல்ட் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். அதில் நியாயம் உண்டு. அவருடைய வயலின் கன்செர்ட்டோவை 1947-ல் செயின்ட் லூயிஸில் யாஷா ஹைஃபட்ஸ் அரங்கேற்றினார். அதன் மெட்டுகளில் பல அவருடைய படங்களிலிருந்து வந்தவை. அன்று நியூயார்க் விமர்சகர்கள் சினிமாக்காரர் என்று ஏளனம் செய்தார்கள். இன்று உலகின் முன்னணி வயலின் கலைஞர்கள் எல்லாரும் அதை வாசிக்கிறார்கள். ஸ்டைனரிடம் அப்படி எதுவும் இல்லை. கச்சேரி மேடைக்கு என்று அவர் எதுவும் விட்டுச்செல்லவில்லை.

ஆனால் தொழிலின் வரலாறு என்று பார்த்தால் என் ஓட்டு ஸ்டைனருக்கு. கோர்ன்கோல்ட் எழுதியது சுமார் இருபது படம். அந்த உடம்புக் கடிகாரம் இல்லாதவர்களுக்கு அவருடைய முறை பயன்படாது. ஸ்டைனர் விட்டுச்சென்றது ஒரு பட்டறை: காட்சியை அளப்பது, கரு அமைப்பது, கிளிக், வசனத்துக்கு அடியில் எழுதுவது, கூட்டாளிகளுக்குப் பிரித்துக் கொடுத்து நாள் கெடுவுக்குள் முடிப்பது. 1939-ல் ‘கான் வித் த விண்ட்’ படத்துக்கு ஏறக்குறைய மூன்று மணி நேர இசையை மூன்று மாதத்தில் முடித்தது அந்தப் பட்டறைதான். மேதை வரும்வரை காத்திருக்க முடியாத ஒரு தொழிலுக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டது. அவருடைய மிகையையும் சேர்த்தேதான் உலகம் கற்றுக்கொண்டது, நாமும் கற்றுக்கொண்டோம். கண் கலங்கும் முன்பே வயலின் கலங்குகிற பழக்கம் இன்னும் நம்மை விட்டபாடில்லை.

அவருக்கும் தவறான தீர்ப்புகள் உண்டு. ‘காஸாபிளாங்கா’வில் வரும் ‘ஆஸ் டைம் கோஸ் பை’ பாடல் அவர் எழுதியது அல்ல, பழைய பிராட்வே பாடல். அது வேண்டாம், நான் புதிதாக எழுதுகிறேன் என்றார். அதற்கு இன்கிரிட் பெர்க்மனை வைத்துச் சில காட்சிகளை மறுபடி எடுக்க வேண்டும். அவரோ அடுத்த படத்துக்காகத் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருந்தார். வேறு வழியின்றி அந்தப் பாடலையே கருவாக வைத்துப் படம் முழுவதையும் நெய்தார் ஸ்டைனர். பிடிக்காத மெட்டை வைத்துக்கொண்டு இப்படி ஒரு வேலை செய்யத் தெரிந்தவரைத்தான் நான் தொழில் தெரிந்தவர் என்பேன்.

கோர்ன்கோல்ட் 1957-ல் அறுபது வயதில் இறந்தார். ஸ்டைனர் முந்நூறுக்கு மேற்பட்ட படங்களில் வேலை செய்தார். 24 முறை ஆஸ்காருக்குப் பரிந்துரை, மூன்று முறை பரிசு. கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. 1959-ல், 71 வயதில், ‘எ சம்மர் பிளேஸ்’ படத்தில் இளங்காதலர்களுக்காக ஒரு மெட்டு எழுதினார். பெர்சி ஃபெய்த் இசைத்தட்டாகப் போட்ட அந்த மெட்டு, ராக் அண்ட் ரோல் கொடிகட்டிப் பறந்த 1960-ல், அமெரிக்க விற்பனைப் பட்டியலில் தொடர்ந்து ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. 1971 டிசம்பர் 28 அன்று ஸ்டைனர் காலமானார்.

இந்த வியன்னாப் பாணி முழுவதையும் வெறுத்த, தன் இசையின் ஒவ்வொரு வாத்தியத்தையும் தானே எழுதிய, கோபக்காரர் ஒருவர் 1940-ல் நியூயார்க் வானொலியிலிருந்து ஹாலிவுட்டுக்கு வந்து இறங்கினார். பெர்னார்ட் ஹெர்மன். அடுத்த இதழ் அவருடையது. அதற்குள் வாய்ப்புக் கிடைத்தால் அவர் இசையமைத்த ‘சிட்டிசன் கேன்’ படத்தின் முதல் இரண்டு நிமிடங்களைக் கேட்டுவையுங்கள், அங்கிருந்துதான் தொடங்கப்போகிறோம்.